இலைப் படிவம் பாறையிலிருந்து முழுசாக வரவில்லையா? அறிகுறி பார்த்துச் சரிசெய்யும் வழி

கல்லைப் பிளந்ததும் உள்ளே புதைபடிவமான இலை தெரிகிறது, நரம்பு வரை தெளிவாக. வீட்டுக்கோ ஆய்வகத்துக்கோ வந்து சேர்வதற்குள் பாதி உதிர்ந்துவிடுகிறது. மாணவர்களும் ஆர்வலர்களும் என் மேசைக்குக் கொண்டுவரும் துண்டுகளில் ஒரே ஏழெட்டுக் கோளாறுகளைத்தான் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். உளி பட்டு உடைந்தவற்றை விட, அவசரமாகக் காயவைத்தும் அவசரமாகப் பசை பூசியும் கெட்டவையே அதிகம். அதனால் கீழே ஈரம், பசை இரண்டையும் பற்றித்தான் நிறைய இருக்கும்.

இது களிக்கல், ஷேல் போன்ற மென்பாறைகளில் உள்ள இலைகளுக்கான வழிமுறை. பெரம்பலூர் மாவட்டத்துத் தெரணி களிமண் குவாரிகள், 1879-இல் தொல்தாவரவியலாளர் ஃபைஸ்ட்மாண்டெல் விவரித்த ஸ்ரீபெரும்புதூர் ஷேல், கோதாவரிப் படுகையின் நிலக்கரிச் சுரங்கங்களில் வரும் குளோசாப்டெரிஸ் என்ற அழிந்துபோன தாவரத்தின் இலைகள், நெய்வேலி லிக்னைட்டை ஒட்டிய களிமண் எல்லாம் இதில் அடங்கும். சாத்தனூர், திருவக்கரைக் கல்மரங்கள் இதில் சேராது. அவை பாதுகாக்கப்பட்ட இடங்கள், அங்கே ஒரு சில்லைக் கூட எடுக்கக் கூடாது. குவாரியிலும் உரிமையாளரின் அனுமதி வாங்கிய பிறகுதான் சுத்தியலை எடுக்க வேண்டும்.

எதையும் தொடும் முன் செய்ய வேண்டிய ஒரு சோதனை

அதே பாறையில் இலை இல்லாத, சுண்டுவிரல் நகம் அளவுத் துண்டு ஒன்றை எடுத்து ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் போடுங்கள். பத்து நிமிடம் பாருங்கள்.

அப்படியே கிடந்தால் அந்தப் பாறைக்குத் தண்ணீர் ஆகும். குமிழி விட்டுப் பிளந்தாலோ சேறாகக் கரைந்தாலோ அந்தக் கல்லின் மேல் இனி ஒரு சொட்டுத் தண்ணீரும் படக் கூடாது. தண்ணீர் என்று கீழே வரும் இடத்தில் எல்லாம் ஆல்கஹால் என்று மாற்றி வாசியுங்கள். மருந்துக் கடையில் கிடைக்கும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் போதும். அதையும் சோதனைத் துண்டில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்த பிறகே இலைக்குக் கொண்டுபோங்கள்.

இந்தச் சோதனைத் துண்டுகளைத் தூக்கிப் போடாதீர்கள். பசை, ஊசி, அமிலம் எதுவானாலும் முதலில் அதில்தான்.

## அறிகுறி 1: கல் இலையின் குறுக்கே உடைகிறது

அடிக்கும் விதம். பெரும்பாலும் காரணம் இதுதான். ஒரே இடத்தில் ஓங்கி அடித்தால் விரிசல் தன் போக்கில் ஓடும். அகலமான, மெல்லிய அலகுள்ள உளியை எடுத்து, கல்லைச் சுற்றிலும் ஒரே அடுக்குக் கோட்டில் மெதுவாகத் தட்டிக்கொண்டே வாருங்கள். ஒரு சுற்று, இரண்டு சுற்று போனதும் மயிரிழை அளவுக்கு வாய் திறக்கும். அப்புறம் அடிக்க வேண்டாம். எதிரெதிரே இரண்டு உளிகளைச் செருகி லேசாகத் திருப்பினால் போதும். கல்லுக்கு அடியில் மணல் மூட்டை இருக்கட்டும். வெறும் தரையில் வைத்து அடித்தால் அதிர்வு திரும்பி வந்து இலையைத்தான் தாக்கும்.

தவறான அடுக்கு. கல்லைப் பக்கவாட்டில் திருப்பி, சாய்ந்த வெளிச்சத்தில் அடுக்குக் கோடுகளைத் தேடிப் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். கோடே தெரியவில்லை என்றால் பக்கவாட்டை மட்டும் தூரிகையால் நனையுங்கள். ஈரத்தில் தெரியும்.

ஒளிந்திருக்கும் விரிசல். உளியின் கைப்பிடியால் தட்டிக் கேளுங்கள். கணீரென்று வந்தால் நல்ல கல். மொத்தையாகச் சத்தம் வந்தால் உள்ளே குறுக்கு விரிசல் இருக்கிறது. அந்தப் பக்கத்தைத் துணி நாடாவால் இறுக்கிக் கட்டிவிட்டு எதிர்ப்பக்கத்திலிருந்து பிளக்கத் தொடங்குங்கள்.

கல் காய்ந்துவிட்டது. குவாரி ஈரத்தோடு இருக்கும் களிக்கல் அடுக்கடுக்காகப் பிரியும். வெயிலில் கிடந்து காய்ந்தது கண்டபடி உடையும். காய்ந்ததை மறுபடி நனைத்துச் சரிசெய்ய முடியாது. பிளக்கும் வேலையைக் கூடுமானவரை களத்திலேயே முடியுங்கள்.

உருண்டைக் கல். இரும்பு கலந்த கெட்டியான உருண்டைகளைச் சுத்தியலால் அடித்தால் இலைக்குச் சம்பந்தமில்லாத இடத்தில்தான் பிளக்கும். அமெரிக்காவின் மேசன் கிரீக் உருண்டைகளுக்குச் செய்வது போல, தண்ணீரில் ஊறவைத்து, ஃப்ரீசரில் உறையவைத்து, இளகவிட்டு, மறுபடி உறையவையுங்கள். பல சுற்று பிடிக்கும். ஆனால் தானாக இலைத் தளத்தில் திறக்கும். களிக்கல்லுக்கு இந்த வழி ஆகவே ஆகாது, கூழாகிவிடும்.

ஏற்கெனவே உடைந்துவிட்டதா? ஊதாதீர்கள், துடைக்காதீர்கள். சில்லுகளையும் சேர்த்து ஒரு தட்டில் வைத்துப் படம் எடுங்கள். உடைந்த முகங்களை ஒன்றோடொன்று உரசிப் பொருத்திப் பார்க்க வேண்டாம், ஓரம் தேய்ந்தால் பிறகு சேராது. பிளந்த கல்லின் இரண்டு பாதியும் வேண்டும். கரிப்படலம், அதாவது இலையே கரியாகி எஞ்சிய மெல்லிய படலம், உள்ள இலைகளில் பாதிப் படலம் இந்தப் பக்கமும் மீதி அந்தப் பக்கமும் ஒட்டியிருக்கும். ‘அழகான பாதி’யை மட்டும் எடுத்துவந்தவர்களிடம் மறுபாதியைக் கேட்டுத் திரும்பவும் குவாரிக்கு அனுப்பியிருக்கிறேன். போன இடத்தில் அது கிடைப்பதில்லை.

நிபுணரை அழைக்க: குறுக்கும் நெடுக்குமாக விரிசல் ஓடும் பெரிய பலகை என்றால் பிளக்கவே வேண்டாம். பிளாஸ்டர் போட்டுக் கட்டி மொத்தமாக எடுப்பது அனுபவப்பட்டவர் வேலை.

## அறிகுறி 2: இலையின் ஒரு பகுதி கல்லுக்குள் போய் மறைகிறது

இது கோளாறே இல்லை. அங்கே இலை இன்னும் இருக்கிறது என்பதற்கான நல்ல அடையாளம். இதைக் கெடுப்பது பொறுமையின்மைதான்.

முதலில் உண்மையிலேயே உள்ளே போகிறதா, அங்கேயே முடிகிறதா என்று பாருங்கள். மறுபாதியில் அதே இடத்தை ஒப்பிட்டுப் பார்த்தால் பாதிச் சந்தேகம் தீரும். ஓரம் கூர்மையாக, நரம்பு நடுவில் வெட்டுப்பட்டது போல நின்றால் மேலே கல் மூடியிருக்கிறது. ஓரம் இயல்பாக வளைந்து முடிந்தால் இலை அவ்வளவுதான், தோண்ட வேண்டாம்.

மூடியிருந்தால் ஊசி வேலை. கெட்டியான எஃகு ஊசி அல்லது டங்ஸ்டன் கார்பைடு ஊசி, அதைப் பிடிக்க ஒரு கைப்பிடி, நகைத் தட்டார் வைத்திருப்பது மாதிரிச் சின்னச் சுத்தியல், குறைந்தது 10 மடங்கு பெரிதாக்கும் நுண்ணோக்கி. கையில் பிடிக்கும் லென்ஸ் இந்த வேலைக்கு உதவாது, இரண்டு கையும் வேண்டும்.

ஊசியை இலை தெரியும் ஓரத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, மூடியிருக்கும் கல்லின் மேல் கிட்டத்தட்டச் செங்குத்தாக நிறுத்தி, மெல்லத் தட்டுங்கள். இலைத் தளம்தான் கல்லில் பலவீனமான இடம். ஊசி அந்த ஆழம் வரை எட்டினால் போதும், மேலே உள்ள சில்லு தானாகத் தெறித்துக் கழன்றுவிடும். இலை மேல் ஊசியைச் சாய்த்துச் சுரண்டினால் கல்லோடு நரம்பும் போகும். சுரண்டுவது, தோண்டுவது இரண்டும் வேண்டாம். தட்டுவது மட்டும்.

சில்லு தெறிக்காமல் பொடியாகவே வருகிறதா? ஊசி மழுங்கியிருக்கும், தீட்டுங்கள். தீட்டியும் பொடிதான் என்றால் அந்தப் பாறையில் இலைத் தளம் பிரியாது. அங்கே நிறுத்திவிடுங்கள். சில்லோடு கரிப்படலமும் ஒட்டிக்கொண்டு வருகிறது என்றால் அறிகுறி 3-க்குப் போய், படலத்தை உறுதியாக்கிவிட்டுத் திரும்பி வாருங்கள்.

காற்றழுத்தத்தில் அதிரும் பேனா வைத்திருப்பவர்களுக்கு: இலையிலிருந்து நன்றாகத் தள்ளியிருக்கும் மொத்தக் கல்லைக் குறைக்க மட்டும் அது. தெரணி மாதிரி மெல்லிய களிக்கல்லில் அதன் அதிர்வே படிவத்தைக் கழற்றிவிடும்.

ஒரு கட்டத்தில் ஒரு கிளைக்கு அடியில் இன்னொரு கிளை தெரியத் தொடங்கும். கீழே உள்ளதைப் பார்க்க மேலே உள்ளதை அழிக்க வேண்டி வரும். டைலோஃபில்லம் போன்ற சிறகிலைகளில், நடுத்தண்டின் மேல் சிற்றிலைகள் எப்படிப் பொருந்தியிருக்கின்றன என்று பார்க்க ஆசைப்பட்டு மேலே உள்ளவற்றைத் தட்டி எடுப்பது அடிக்கடி நடக்கிறது. எடுத்தது எடுத்ததுதான். அந்த முடிவை நீங்கள் தனியாக எடுக்க வேண்டாம், அந்தத் தாவரக் குழுவைத் தெரிந்த ஒருவரிடம் படத்தைக் காட்டிக் கேளுங்கள். அப்படியே எடுப்பதானாலும் ஒவ்வொரு கட்டத்தையும் அளவுகோலோடு படம் எடுத்த பிறகு.

## அறிகுறி 3: கரிப்படலம் சுருண்டு எழும்புகிறது, உதிர்கிறது

கோதாவரிச் சுரங்கத் துண்டுகளிலும் நெய்வேலிக் களிமண்ணிலும் இதுதான் முதல் புகார். தெரணி, ஸ்ரீபெரும்புதூர் இலைகள் பெரும்பாலும் கரிப்படலம் இல்லாத வெறும் அச்சுகள் என்பதால் அங்கே இது குறைவு.

வேகமாகக் காய்ந்தது. களிமண் சுருங்குகிறது, படலம் அந்த அளவுக்குச் சுருங்குவதில்லை. அதனால் விட்டு எழும்புகிறது. கல் இன்னும் ஈரமாக இருந்தால் உடனே நிறுத்த முடியும். ஈர டிஷ்யூ காகிதம், அதன் மேல் பாலிதீன், அதன் மேல் நாடா. செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். நிழலில் வைத்து, வாரத்துக்கு ஒருமுறை பாலிதீனில் ஓரிரண்டு துளை போட்டுக்கொண்டே வாருங்கள். உள்ளங்கை அளவுத் துண்டுக்கே பல வாரம் ஆகலாம். மின்விசிறிக்கு அடியில் வைக்காதீர்கள். அடுப்பு, ஹேர் டிரையர், மொட்டை மாடி வெயில் பக்கமே போக வேண்டாம்.

பூஞ்சை. நம் ஊர்ச் சூட்டில் ஈரமாக மூடி வைத்தால் வெள்ளைப் பஞ்சு போலப் படரும். ஒவ்வொரு வாரமும் திறந்து பாருங்கள். வந்திருந்தால் மெல்லிய தூரிகையில் ஆல்கஹால் தொட்டு ஒற்றி எடுங்கள். தேய்க்க வேண்டாம்.

ஏற்கெனவே எழும்பிவிட்டது, கல் காய்ந்துவிட்டது. இங்கே பாராலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் பிசின் வேண்டும். 100 மி.லி. அசிட்டோனில் 3 முதல் 5 கிராம். நகப்பூச்சு நீக்கியில் எண்ணெய் கலந்திருக்கும், அது வேண்டாம், சுத்தமான அசிட்டோன் வாங்குங்கள். சன்னலைத் திறந்துவைத்து, பக்கத்தில் அடுப்போ ஊதுவத்தியோ இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எழும்பிய செதிலின் ஓரத்தில் முதலில் ஒரு சொட்டு ஆல்கஹால் விடுங்கள், செதில் இளகிப் படியும். உடனே தூரிகை நுனியால் அதே ஓரத்தில் பி-72 கரைசலைத் தொட்டுவிடுங்கள். அது தானாக உள்ளே இழுத்துக்கொள்ளும். மேலே பூசாதீர்கள். சிலிக்கோன் தடவிய காகிதத்தை வைத்து, சின்ன மணல் பையால் லேசாக அழுத்தி விட்டுவிடுங்கள்.

கல் ஈரமாகவே இருக்கிறது, ஆனாலும் எழும்புகிறது. அசிட்டோன் கரைசல் ஈரத்தில் பட்டால் வெளுத்துப்போகும். தண்ணீரில் கலக்கும் அக்ரிலிக் பால்மத்தை நன்றாக நீர்த்துப் பயன்படுத்த வேண்டும். இதற்கென்று உள்ள பிரைமல் வகையை வாங்குங்கள். மரவேலைப் பசையைக் கரைத்துப் பூசியதைப் பிரிக்க வழியே இல்லாமல் போன துண்டுகள் என்னிடம் இருக்கின்றன.

முக்கியமான ஒன்று: படலத்தில் இலையின் மேல்தோல் கெடாமல் இருந்தால் அதை வேதிமுறையில் பிரித்து, செல் வடிவம் வரை பார்க்க முடியும். பசை ஊறிய துண்டில் அது கெடும். பசையை எடுக்கும் முன், உதிர்ந்த செதில் சிலவற்றை எதுவும் பூசாமல் சிறு குப்பியில் போட்டு, எந்தத் துண்டிலிருந்து வந்தது என்று எழுதி வையுங்கள்.

நிபுணரை அழைக்க: இரண்டு முறை உறுதியாக்கியும் புதிய இடத்தில் எழும்பினால். படலத்தை மொத்தமாகப் பிசினில் ஏற்றி, பாறையைக் கரைத்து எடுக்கும் முறை ஒன்று உண்டு. 1923-இல் தொல்தாவரவியலாளர் ஜான் வால்டன் வெளியிட்டது, இன்றும் பயன்படுகிறது. ஆனால் அதற்குத் தேவை ஹைட்ரோஃபுளோரிக் அமிலம். அதைப் பற்றிக் கடைசி அறிகுறியில்.

## அறிகுறி 4: தண்ணீர் பட்டதும் கல் கரைகிறது

முதல் சோதனையைச் செய்யாமல் தாண்டி வந்தவர்களுக்கு இது. நனைந்த கல்லை நகர்த்த வேண்டாம். அடியில் பலகையைச் செருகி, மேலே ஆல்கஹாலைத் துளித்துளியாக விட்டு ஈரத்தை மாற்றுங்கள். பிறகு மூடி வைத்து மெதுவாகக் காயவிடுங்கள். இனி அந்தக் கல்லில் உலர்ந்த தூரிகையும் ஆல்கஹாலும் மட்டும்.

இலை இல்லாத, ஆனால் கரித்துகள் நிறைந்த களிமண் கரைகிறதா? விடுங்கள், கரையட்டும். 250 மைக்ரான் சல்லடையில் மெதுவாக அலசிக் காயவைத்து நுண்ணோக்கியில் பாருங்கள். தெற்கு ஸ்வீடனின் கிரெட்டேசியக் காலத்து (டைனோசர்கள் வாழ்ந்த கடைசிக் காலம்) சின்னஞ்சிறு பூக்களைத் தொல்தாவரவியலாளர் எல்ஸ் மரீ ஃபிரீஸ் குழுவினர் இப்படிச் சலித்த படிவிலிருந்துதான் எடுத்தார்கள். 1981-இல் அந்தக் கட்டுரை வந்த பிறகு உலகமெங்கும் களிமண்ணைச் சலிக்கத் தொடங்கினார்கள். நம் பக்கத்துக் களிமண்ணையும் இன்னும் நிறையப் பேர் சலித்துப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

## அறிகுறி 5: பசை பூசிய இடம் சரியில்லை

வெள்ளை பூத்திருக்கிறது. அசிட்டோன் வேகமாக ஆவியாகி மேற்பரப்பைக் குளிரவைத்ததில் காற்றின் ஈரம் படிந்திருக்கிறது. சென்னை, கடலூர், நாகப்பட்டினம் பக்கம் மழைக்காலத்தில் இது நடக்காவிட்டால்தான் ஆச்சரியம். தூரிகையில் அசிட்டோன் தொட்டு அந்த இடத்தை மறுபடி இளக்கினால் தெளியும். வெயில் ஏறி ஈரம் குறைந்த பகல் நேரத்தில் செய்யுங்கள். அப்போதும் பூத்தால் அசிட்டோனோடு கொஞ்சம் எத்தனால் சேர்த்து ஆவியாகும் வேகத்தைக் குறையுங்கள்.

பளபளக்கிறது. பசை அதிகம். அசிட்டோனில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் ஒற்றி எடுங்கள். கரிப்படலத்தின் மேல் என்றால் பஞ்சு வேண்டாம், தூரிகை நுனி.

எதற்கும் இளகவில்லை. யாரோ சயனோஅக்ரிலேட்டோ (சூப்பர் குளூ) எப்பாக்சியோ போட்டிருக்கிறார்கள். நோண்டாமல் அருங்காட்சியகப் பொருள்களைப் பாதுகாக்கும் நிபுணரிடம் கொடுங்கள்.

## அறிகுறி 6: ஒட்டிய துண்டு கோடையில் நழுவுகிறது

வெளிநாட்டு வழிகாட்டிகளைப் படித்துவிட்டு வருபவர்கள் குழம்பும் இடம் இது. பி-72 சுமார் 40 டிகிரி செல்சியஸில் மென்மையாகத் தொடங்கும். லண்டனில் அது ஒரு பிரச்சினையே இல்லை. திருச்சியில் சித்திரை வைகாசியில், தகரக் கூரைக்குக் கீழே இரும்பு பீரோவுக்குள், அந்தச் சூட்டைச் சாதாரணமாகத் தாண்டிவிடும்.

முதலில் இடத்தை மாற்றுங்கள். தரைத்தளம், உள்சுவர் ஓரம், கீழ்த்தட்டு. செலவே இல்லை, பாதித் துண்டுகளுக்கு இதுவே போதும். அடுத்து, ஒட்டு எடையைத் தாங்காதபடி துண்டைப் படுக்கையாக, அடியில் நுரைப் பஞ்சில் குழி வெட்டி வையுங்கள். கனமான பலகைகளுக்கு இதுவும் போதாது என்றால் இன்னும் அதிகச் சூட்டைத் தாங்கும் பாராலாய்டு பி-44 போன்ற வகையைப் பி-72-உடன் கலந்து ஒட்டலாம். விகிதத்தைச் சோதனைத் துண்டில் பார்த்துக்கொள்ளுங்கள்.

## அறிகுறி 7: பெட்டியில் மஞ்சளாக, வெள்ளையாகப் பொடி, கந்தக வாடை

இது அவசரம். பாறையில் உள்ள பைரைட் என்ற இரும்பு-கந்தகத் தாது காற்றின் ஈரத்தில் சிதைந்து அமிலமாகிக்கொண்டிருக்கிறது. லேபிள் காகிதம் பழுப்பேறிப் பொடிந்திருந்தால் உறுதி. லிக்னைட், நிலக்கரி சார்ந்த துண்டுகளில்தான் பெரும்பாலும் வரும்.

அந்தத் துண்டைத் தனியே எடுங்கள். லேபிளில் உள்ளதை உடனே புதுக் காகிதத்தில் எழுதுங்கள், நாளை அது படிக்க இருக்காது. பொடியை உலர்ந்த தூரிகையால் எடுங்கள், கையுறை போட்டுக்கொண்டு. கழுவக் கூடாது. மேலே பி-72 பூசி மூடினாலும் உள்ளே சிதைவு நிற்காது.

அப்புறம் காற்றுப் புகாத டப்பா, சிலிக்கா ஜெல், ஒரு ஈரப்பத அட்டை. 60 சதவீதத்துக்கு மேல் போனால் சிதைவு வேகமெடுக்கும், 45-க்குக் கீழே வைத்துக்கொள்ளப் பாருங்கள். ஜெல் நிறம் மாறியதும் சூடாக்கி மறுபடி போடுங்கள். மழைக்காலத்தில் இதை அடிக்கடி செய்ய வேண்டி வரும்.

நிபுணரை அழைக்க: டப்பாவில் வைத்த பிறகும் புதுப் பொடி வந்தால். உருவான அமிலத்தை நடுநிலையாக்க அம்மோனியா ஆவி, எத்தனாலமைன் தையோகிளைக்கோலேட் முறைகள் உண்டு. வீட்டில் செய்வதற்கில்லை.

## அறிகுறி 8: இலை இருக்கிறது, கண்ணுக்குத் தெரியவில்லை

டார்ச்சைக் கல்லோடு படுக்கவைத்து அடியுங்கள், குளோசாப்டெரிஸின் வலைநரம்பு எழுந்து தெரியும். கரிப்படலம் என்றால் ஆல்கஹாலால் லேசாக நனைத்துப் பாருங்கள், கறுப்பு கூடும். விளக்கிலும் லென்ஸிலும் குறுக்குக் குறுக்காகப் போலராய்டு வடிகட்டி வைத்தால் பளபளப்பு அடங்கிப் படலம் பிரிந்து தெரியும். இவ்வளவுக்கும் தெரியாவிட்டால் தோண்டித் தேட வேண்டாம்.

## அறிகுறி 9: ஊசிக்கும் உளிக்கும் கல் அசையவில்லை

சோதனைத் துண்டில் 10 சதவீத ஹைட்ரோகுளோரிக் அமிலம் ஒரு சொட்டு. நுரைத்தால் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது, நீர்த்த அசிட்டிக் அமிலத்தில் மெதுவாக இளக்க வாய்ப்பு உண்டு. அதையும் ஒருவர் மேற்பார்வையில் செய்யுங்கள்.

நுரைக்காவிட்டால் பெரும்பாலும் சிலிக்கா கெட்டிப்படுத்திய கல். சிலிக்காவைக் கரைப்பது ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் மட்டுமே. தோலில் பட்டால் முதலில் வலி கூடத் தெரியாமல் உள்ளே இறங்கும், உடலின் கால்சியத்தைப் பறித்து உயிரையே எடுக்கும். தனிப் புகைப்போக்கி அறை, கால்சியம் குளுக்கோனேட் களிம்பு, பயிற்சி பெற்ற இரண்டாவது ஆள் மூன்றும் இல்லாத இடத்தில் அந்தப் பாட்டிலைத் திறக்கவே கூடாது. எந்த இலையும் அதற்கு ஈடில்லை.

இந்த இடத்தில் லக்னோவின் பீர்பால் சாஹ்னி தொல்லறிவியல் நிறுவனத்துக்கோ, தொல்தாவரவியல் பிரிவு உள்ள பல்கலைக்கழகத்துக்கோ எழுதுங்கள். பசை, சிதைவு சார்ந்த சிக்கல் என்றால் சென்னை எழும்பூர் அரசு அருங்காட்சியகத்தில் வேதிப் பாதுகாப்பு ஆய்வகம் இருக்கிறது, அங்கே கேட்கலாம். இரண்டு பாதியையும், சில்லுகளையும், பசை படாத செதில் குப்பியையும், நீங்கள் எடுத்த எல்லாப் படங்களையும் சேர்த்துக் கொடுங்கள். எந்தப் பசை, எத்தனை சதவீதம், எந்தத் தேதி, கல்லின் எந்த மூலையில் என்பதைப் பென்சிலால் ஒரு தாளில் எழுதி உள்ளே வையுங்கள். நிபுணர் முதலில் கேட்பது அந்தத் தாளைத்தான்.